உறைபனிப் புல்லுக்கு ஒரு தமிழ்ப் பலகை

1

நான் வேலை செய்யும் கோல்ஃப் மைதானத்தில் இப்போது தமிழில் ஓர் அறிவித்தல் பலகை நிற்கிறது. டென்மார்க்கில் தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்று யாரும் அவசரப்பட்டு முகநூலில் போட்டுவிடாதீர்கள். எழுதச் சொன்ன வாசகம் 'உறைபனி நேரத்தில் புல்லில் கால் வைக்காதீர்கள்' என்பது. ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு டேனிஷ் பலகை விளங்கவில்லையாம். எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள், அதுவும் தோளில் கை போட்டு, அன்பாக.

இரண்டு கிழமையாக அந்த வெற்றுப் பலகை எங்கள் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றது. வெள்ளைப் பூச்சு அடித்து, ஓரங்களுக்கு வார்னிஷ் பூசி, குறை சொல்ல முடியாதபடி செய்திருந்தார்கள். பச்சைப் பூச்சு டப்பாவும் தூரிகையும் பக்கத்திலேயே இருந்தன. காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். பார்த்தவுடன் எனக்கு வயிறு எரியும். யார் மேல் எரிய வேண்டும் என்று மட்டும் தெரியாமல் இருந்தது. அது தெரிந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

"பனிக்காலத்திலை புல்லே வளராது, பிறகென்ன வேலை? போத்துக்கொண்டு படன்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து என் மச்சான் ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் சொல்வான். அவனுக்கு மட்டுமல்ல, இங்கே கோல்டிங்கில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கும் அதே நினைப்புத்தான்.

கோடையில் நாங்கள் செய்வது வெட்டுவதும் தண்ணீர் விடுவதும்தான். உண்மையான வேலை ஆட்டக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்கும். இலையுதிர்காலம் முடிய, நனைந்து கனத்த இலைகளை அள்ளி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பிறகு தண்ணீர் தேங்கும் இடங்களில் வாய்க்கால் வெட்டிக் குழாய் புதைக்க வேண்டும். மணற்குழிகளில் பழைய மணலை அள்ளிவிட்டுப் புதியது நிரப்ப வேண்டும். அந்தக் குழிகளுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பங்கர்'. முதல்நாள் வேலைக்குப் போனபோது பங்கர் வெட்டிப் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். குண்டு விழுந்த காலத்தில் எங்கள் வளவுக்குள்ளேயே ஒன்று வெட்டியிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சிரித்துவிட்டு, "பழகிக்கொள்கிறேன்" என்றேன்.

வெளியே நிலம் கல்லாகிவிட்டால் பட்டறைக்குள் வேலை. புல்வெட்டி இயந்திரங்களைக் கழற்றி, கத்திகளுக்குச் சாணை பிடித்து, ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில்களுக்கு வார்னிஷ் அடித்து, பலகைகளுக்குப் பூச்சுப் பூசி வைக்க வேண்டும். ஆனால் பனிக்காலத்தின் தலையாய வேலை ஒன்றே ஒன்றுதான்: கொடி நடும் புல்தரைகளைக் காப்பாற்றுவது. கிரீன் என்பார்கள். பாய் விரித்ததுபோல் அவ்வளவு ஒட்ட வெட்டிய புல். உறைபனி விழுந்த காலையில் அந்தப் புல்லுக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி நிற்கும். அப்போது ஒரு கால் பட்டால் புல் உள்ளே நொறுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் மிதித்த இடம் கறுக்கும், கால் வைத்த அதே வடிவத்தில். ஏப்ரலில் புதுப்புல் வரும் வரைக்கும் அந்தக் கறுப்பு போகாது. அதனால் கிரீனைக் கயிறு கட்டி மூடிவிட்டு, ஆட்டக்காரர்களுக்கு வெளியே தற்காலிகமாக ஓர் இடம் வெட்டிக் கொடுப்போம்.

பதினெட்டாவது குழியின் கிரீன் கிளப் கட்டடத்தின் யன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கோப்பி குடிக்கிற எல்லோருடைய கண்ணும் அதில்தான் விழும். அதை நான் வளர்த்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. தலைமைப் பராமரிப்பாளர் இந்த வசந்தத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்துக்கு நான்தான் என்று கிளப் தலைவர் நீல்ஸ் வாய் நிறையச் சொல்லியிருந்தார். மார்ச்சில் நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்க வேண்டும். அதுவரைக்கும் நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே குடியுரிமை தருகிற வைபவத்தில் மேயருக்குக் கை கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். சிரிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் சிரித்தேன். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு போனபோது, நகரசபை அதிகாரி 'நீங்கள் கையை எவ்வளவு உயரம் தூக்குவீர்கள்' என்று ஆறு தடவை ஆறு அறைகளில் கேட்டபோதும் சிரித்தேன். அவர்கள்தான் பயிற்சி என்ற பெயரில் என்னை இந்த மைதானத்துக்கு அனுப்பினார்கள். வந்த இடத்திலும் சிரித்தேன். என் மகள் மதுரா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நீங்கள் டேனிஷ் கதைக்கேக்கை மட்டும் ஏன் சிரிக்கிறனீங்கள்?"

3

பொங்கல் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் குணம் அண்ணை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் இந்த ஊருக்கு வந்த முதல் பனிக்காலத்தில் தன் பழைய மேல்சட்டையைக் கழற்றித் தந்தவர். டிசம்பரில் அவர் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, இந்த முறை பொங்கலுக்குப் பள்ளிக்கூட மண்டபம் கிடைக்கேல்லை. உங்கட கிளப் மண்டபம் மாரியிலை சும்மாதானே கிடக்குது. ஒருக்கால் கேட்டுப் பாருமன்."

"கேக்கிறன் அண்ணை. ஆனா ஒண்டு. புல்லிலை ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. முக்கியமா அந்த முன்னுக்கு இருக்கிற வட்டப் புல்லு. பனி விழுந்திருந்தா தொட்டும் பாக்கக் கூடாது."

"எங்களுக்கென்ன விசரே, பனிக்குள்ளை புல்லிலை ஓடித் திரிய? பெடியளுக்கும் சொல்லி வைக்கிறன்."

நீல்ஸிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், எல்லாவற்றையும் பற்றி உற்சாகப்படும் மனுசன். "சூரியனுக்கு நன்றி சொல்லும் விழாவா? ஜனவரியில், டென்மார்க்கிலா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். மண்டபத்தைத் தருவதாகச் சொன்னார். தானும் வருவாராம்.

இதைக் குணம் அண்ணையிடம் சொன்னதுதான் தாமதம், நீல்ஸ் பிரதம விருந்தினர் ஆகிவிட்டார்.

பிரதம விருந்தினர் இல்லாமல் எங்களால் ஒரு கூட்டம் நடத்த முடியாது. ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு யாரோ ஓர் அதிகாரி வரும்வரைக்கும் எங்களைக் கொதிக்கிற வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். வந்த அதிகாரிக்கு மாலை போட்டு, பாண்ட் வாத்தியம் அடித்து, அவர் பேசிய பேச்சில் ஒரு சொல் விளங்காமல் கை தட்டினோம். கடல் கடந்து வந்தும் அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. ஒரு கிலோ வெங்காயத்துக்கு நான்கு கடை ஏறி விலை கேட்கிற ஆட்கள், மாலை போட்டவர் ஒன்று சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

4

அந்தச் சனிக்கிழமை காலையில் நல்ல உறைபனி. விடியுமுன்பே போய்ப் பதினெட்டாவது கிரீனைச் சுற்றி இரட்டைக் கயிறு கட்டினேன். 'உறைபனி, மூடப்பட்டுள்ளது' என்ற டேனிஷ் பலகையை நட்டேன். மிதிக்கிற சப்பாத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட படமும் அதில் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் வாயு அடுப்பு வைத்துப் பானை ஏற்றினார்கள். சேலைக்கு மேல் தடித்த குளிர்ச் சட்டையும், அதற்கு மேல் நகையுமாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். குணம் அண்ணையின் மனைவி ஒவ்வொரு குடும்பத்தையும் வாசலிலேயே மறித்து, "வட்டப் புல்லுப் பக்கம் போகாதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நின்றார். அதை என் காதால் கேட்டேன்.

மதுரா ஓடென்ஸ் நகரத்தில் படிக்கிறாள். விழாவுக்காக வந்திருந்தாள். நீல்ஸுக்கு எல்லாவற்றையும் டேனிஷில் விளக்கிச் சொல்வது அவள் பொறுப்பு. அவர் வந்திறங்க, மாலை, பொன்னாடை, பன்னீர், சந்தனம் எல்லாம் நடந்தது. நெற்றியில் பொட்டோடு அவர் முகம் குழந்தைப்பிள்ளை மாதிரி இருந்தது.

பானை பொங்கும் நேரம் பார்த்து அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி.

"தம்பி, உம்மட பட்டறையிலை ஒண்டு இருக்குமே?" என்றார் குணம் அண்ணை.

பட்டறை மைதானத்தின் மறுகோடியில். உழவு இயந்திரத்தில் போய், சிலிண்டரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். மேட்டில் ஏறியதும் வண்டியை நிறுத்திவிட்டேன்.

முழுச் சனமும் பதினெட்டாவது கிரீனில் நின்றது. கயிற்றைக் காணவில்லை. மரங்களுக்கு மேல் சூரியன் சிவப்பாக எழும்பியிருந்தது. மாலையோடு நீல்ஸ் நடுவில், இரண்டு பக்கமும் சேலைகளும் வேட்டிகளும், முன்னால் பிள்ளைகள் நிரையாக. படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கிறவன் "இன்னும் கொஞ்சம் பின்னாலை, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, அத்தனை காலும் ஒரேயடியாகப் பின்னால் போயின. வெள்ளைப் புல்லில் நறுக் நறுக் என்று நடந்த சத்தம் எனக்கு உழவு இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

குதித்து இறங்கி ஓடினேன். "எருமை மாடுகளே! இறங்குங்கோ கீழை! கண் இல்லையே உங்களுக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!" என்று கத்தினேன். குணம் அண்ணை ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். "வாயைத் திறவாதை! சொல்லை விளங்கிற அறிவு இல்லாட்டி உனக்கு என்னத்துக்கடா தலைவர் பதவி?" என்றேன். அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றன. மதுரா முன்னால் வந்து "அப்பா, கேளுங்கோ" என்றாள். "நீயும் இதுக்குள்ளை நிண்டனியே? வெக்கமா இல்லையோ?" என்று அவளையும் விடவில்லை.

சனம் ஒருவர் பின் ஒருவராக இறங்கியது. கடைசியாக நீல்ஸ் இறங்கினார். எனக்கு முன்னால் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று விளங்காததுபோல் பார்த்தார்.

நான் சிரித்தேன். "காலை வணக்கம், நீல்ஸ்" என்றேன்.

அவர் என் தோளில் தட்டிவிட்டுக் கோப்பி குடிக்க உள்ளே போனார். சிலிண்டர் மாற்றிப் பொங்கி முடித்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பொங்கலைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டுக்கொண்டு எல்லோரும் நேரத்தோடு வெளிக்கிட்டார்கள். மதுரா எனக்குச் சொல்லாமலே ரயில் ஏறிவிட்டாள்.

5

அடுத்த கிழமை கிரீன் கறுத்தது. பெரிய காலும் சின்னக் காலுமாக, ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் நடந்துபோனது அப்படியே பதிந்து கிடந்தது. உறுப்பினர்கள் யன்னலில் நின்று பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாட்டில் கேட்காமல் விடுவதுதான் கேட்பது.

ஒவ்வொரு காலையும் அந்தக் கறுப்பைப் பார்க்கும்போது எங்கள் சனத்தை மனதுக்குள் திட்டுவேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்து என்ன பயன், ஒரு கயிற்றுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாத கூட்டம் என்று திட்டுவேன். குணம் அண்ணையைக் கடையில் கண்டேன், அவர் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பேசாமல் வந்துவிட்டேன். மதுரா தொலைபேசி எடுப்பதில்லை. "ஒருக்கால் பிள்ளையோடை கதையுங்கோவன்" என்று மனைவி சொன்னால் அவள் மேலும் பாய்வேன்.

பிறகு ஒருநாள் நீல்ஸ் பட்டறைக்கு வந்தார், கையில் இந்தப் பலகையோடு. நிர்வாகக் குழுவில் பேசினார்களாம். என் மேல் யாருக்கும் கோபம் இல்லையாம். இது கலாசாரம் சார்ந்த ஒரு தவறான புரிதலாம். பலகையை வாசிக்க முடியாதவர்களைக் குறை சொல்ல முடியாதாம். ஆகவே பனிக்காலத் திட்டங்களில் இதையும் சேர்த்திருக்கிறார்களாம்: தமிழில் ஒரு பலகை. "நீ அழகாக எழுதித் தருவாய்" என்றார்.

அவருடைய கண்ணைப் பார்த்தேன். ஒரு துளி சங்கடம்கூட அதில் இல்லை.

"நன்றி" என்றேன். சிரித்தேனா என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

6

பெப்ரவரி விடுமுறைக்கு மதுரா வீட்டுக்கு வந்தாள். தாயைப் பார்க்கத்தான் வந்தாள், என்னையல்ல. சாப்பாட்டு மேசையில் என்னைப் பாராமல் சாப்பிட்டாள். சும்மா இருக்க முடியாமல், பலகைக் கதையை மனைவியிடம் சொல்வதுபோல் சொன்னேன். "பாத்தீரே, எங்கட ஆக்களாலை எனக்குக் கிடைச்ச வேலை" என்றேன்.

மதுரா கரண்டியைக் கீழே போட்டாள்.

டேனிஷில் தொடங்கினாள். அவளுக்குக் கோபம் வந்தால் டேனிஷ்தான், அதுவும் இந்தப் பக்கத்து யூலாந்துக்காரர் மாதிரி விழுங்கி விழுங்கி. எனக்குப் பாதிதான் பிடிபட்டது, ஆனால் அந்தப் பாதியே போதும். சூரியன் எழும்ப, நீல்ஸ்தான் சொன்னாராம், இங்கே நின்றால் வெளிச்சம் வராது, கிரீனில் நின்றால் படம் நன்றாக வரும் என்று. இவள் தடுத்தாளாம். அப்பா கூடாது என்று சொன்னவர், உறைபனி என்று சொன்னாளாம். அவர், இது என்னுடைய மைதானம், உன் அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாராம். அப்படியே இரண்டு கயிற்றையும் ஒரு கையால் தூக்கி, மறு கையால் சனத்தை வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டாராம்.

"பிறகு தன்ர கையாலையே கயிறைக் கழட்டிச் சுத்தி வச்சவர்" என்று தமிழுக்குத் திரும்பினாள். "நான் மூண்டு தரம் சொன்னனான் அப்பா. மூண்டு தரம். நீங்கள் வந்து என்னைப் பாத்துக் கத்தினீங்கள். குணம் மாமாவை டா போட்டுக் கத்தினீங்கள். நீல்ஸைப் பாத்து..."

மிச்சத்தை அவள் சொல்லத் தேவையில்லை. அவர் முகத்தைப் பார்த்து நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.

அங்கேயே இருந்து குணம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போகும்போது எடுத்தார்.

"அண்ணை, நீல்ஸ்தான் கூப்பிட்டவர் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் சொல்ல விட்டனீரே?" என்றார். "பிரதம விருந்தினர் கயிறைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ எண்டு கூப்பிட, நாங்கள் மாட்டம் எண்டு நிக்கிறதே தம்பி? அந்த மனுசன் கிளப்புக்கே தலைவர். அவருக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியுமோ எண்டு நினைச்சம்."

"பிழைதான் அண்ணை. நான் சொன்ன சொல்லு பிழை."

"பேரப்பிள்ளையளுக்கு முன்னாலை டா எண்டீர். சரி, அதை விடும். எனக்குப் பிழை எண்டு சொல்லிப்போட்டீர். அவங்களுக்கு ஆர் சொல்லுறது? எங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு அங்கை பேசி முடிச்சிட்டாங்களாம், ஊரெல்லாம் கதை. இந்த ஊர் நூலகத்திலை எத்தினை வருசம் வேலை செய்தனான் நான்!"

இத்தனை நாளும் வயிறு எரிந்தது சரிதான். எரிய வேண்டிய இடத்தில் எரியவில்லை. எங்கள் சனத்தின் மேல் பாய எனக்கு ஒரு நிமிடம் தேவைப்படவில்லை. கையில் பலகையோடு, கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொன்ன மனுசனுக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதுவும் அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் என் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

7

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். வெளிக்கிட்டுக் காருக்குப் போனபோது, மதுரா குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பலகையை மேசையில் கிடத்தி, பூச்சு டப்பாவைத் திறந்தேன். மனதில் இருந்ததை அப்படியே எழுதினேன்:

'கிளப் தலைவரே கயிற்றைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டாலும், உறைபனியில் புல்லில் கால் வைக்காதீர்கள்.'

எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்தது. மைதானத்தின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிற்கும். டேனிஷ்காரர் ஒருவருக்கும் விளங்காது. நீல்ஸ் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, கிளப் இணையத்தளத்தில் பெருமையாகப் போடுவார். எங்கள் ஆட்கள் வாசித்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

மதுரா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தாள். 'தூக்கிப் பிடித்து' என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். ஆனால் கடைசிச் சொல்லை வாசித்து முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"டேனிஷிலை எங்கை?" என்றாள்.

"தமிழ்ப் பலகைதானே பிள்ளை கேட்டவை."

"இதை வாசிக்க வேண்டிய ஆளுக்குத் தமிழ் தெரியாதே அப்பா."

தூரிகையைப் பிடித்தபடி நின்றேன். மார்ச்சில் கூட்டம். அவள் வற்புறுத்தவில்லை. சாணை பிடிக்கும் மேசையில் ஏறி இருந்து, காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் 'ஏன் சிரிக்கிறனீங்கள்' என்று கேட்டபோது எப்படிப் பார்த்தாளோ, அதே பார்வை.

தமிழ் வரிக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

"எழுத்துச் சொல்லு, எழுதுறன்" என்றேன்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் அதே பச்சைப் பூச்சில், அதே அளவில், தலைவரையும் கயிற்றையும் விடாமல் டேனிஷில் எழுதினேன். பூச்சுக் காய்ந்ததும் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். நிலம் இறுகிக் கிடந்ததால் கடப்பாரையால் குத்தித்தான் குழி எடுக்க வேண்டியிருந்தது. கிரீனுக்கு வெளியே, கிளப் யன்னலைப் பார்த்தபடி நட்டோம். கறுத்த கால்தடங்கள் பின்னால் அப்படியே கிடந்தன.

திங்கட்கிழமை காலை நான் பக்கத்து மணற்குழியில் மணல் நிரவிக்கொண்டிருந்தேன். நீல்ஸின் கார் வந்து நின்றது. இறங்கி, வழக்கம்போல் விசிலடித்துக்கொண்டு வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். விசில் நின்றது. முதல் வரியைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு இரண்டாவது வரி. அதை வாசிக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. அறிவித்தல் பலகை வாசிப்பது யாருக்குமே கஷ்டம்தான் போலிருக்கிறது.

திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. கொஞ்சம் கையைத் தூக்கி, ஒரு மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இத்தனை வருடமும் என் முகம் தானாகவே பதில் சொல்லி வந்தது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து நின்று அவரைப் பார்த்தேன். சிரிக்கவில்லை.